பெங்களூர் வாடகை வீட்டுல வெளிய தெரியுற மெயின் ஒயர்: புதுசா குடி வர்றவங்க என்ன பண்ணணும்

ஊர்ல இருந்து பெங்களூர் வந்து வீடு தேடுறவங்க தண்ணி வருதா, காவேரியா போரா, கார் பார்க்கிங் இருக்கா, அட்வான்ஸ் எவ்ளோன்னு எல்லாம் கேப்பாங்க, ஆனா மீட்டர்ல இருந்து வீட்டுக்குள்ள வர்ற ஒயர் எந்த வழியா வருதுன்னு யாரும் கேக்குறதில்ல, நானும் கேக்கல. ஹலசூர் பக்கம் ஒரு பழைய வீட்டுல முதல் மாடி, நல்ல காத்து, நல்ல வெளிச்சம், ஓனரம்மாவும் தமிழ் பேசுவாங்க, அதுலயே மயங்கி அன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துட்டோம். மீட்டர் கீழ படிக்கட்டுக்கு அடியில. அங்கேருந்து ஒயர் ரெண்டு, பைப்பு எதுவும் இல்லாம சுவத்தோட ஒட்டி மேல ஏறி, வாசக்கால் ஓரமா ஒரு ஓட்டை வழியா உள்ள வந்து, தரையை ஒட்டியே ஓடி, ஹால்ல இருக்குற டிபி பாக்ஸுக்கு, அதாவது கரண்டை அறை அறையா பிரிச்சு அனுப்புற பெட்டிக்குப் போகுது. பாக்க அசிங்கமா இருக்குன்னு அந்த ஒயரை மறைக்கிற மாதிரி பீரோவை தள்ளி வச்சோம். அதுதான் நாங்க பண்ண பெரிய தப்பு.

மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் அத்தை தரை தொடைச்சிட்டு ஈரக்காலோட பீரோ கைப்பிடியை பிடிச்சிருக்காங்க, சுருக்குன்னு இழுத்துச்சுன்னு கையை உதறிக்கிட்டு வந்தாங்க. நான் டிபில இருக்குற மெயினை ஆஃப் பண்ணிட்டு டெஸ்டரை பீரோவுல வச்சேன், லைட்டு எரியுது. மெயின் ஆஃப்ல இருக்கும்போது எப்படி கரண்ட் வரும்னு எனக்கு புரியவே இல்ல. எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து பீரோவை நகத்தினா, பீரோ காலு ஒயர் மேல ஏறி உக்காந்து தோல் நசுங்கி உள்ள செம்பு தெரியுது. அவர் சொன்ன ஒரு விஷயம்தான் இந்த கட்டுரைக்கே காரணம். டிபில எவ்ளோ நல்ல எம்சிபி (லோடு மீறினாலோ ஷார்ட் ஆனாலோ தானா விழுற சுவிட்ச்) இருந்தாலும், ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழுற சுவிட்ச்) இருந்தாலும், அது அதுக்கு அப்புறம் போற ஒயரைத்தான் காப்பாத்தும், மீட்டர்ல இருந்து டிபி வரைக்கும் வர்ற துண்டு ஒயருக்கு அது காவல் கிடையாது. அந்த துண்டை உங்க வீட்டுக்குள்ள இருக்குற எந்த சுவிட்சாலயும் ஆஃப் பண்ண முடியாது.

அதனால வீட்டுல வெளிய தெரியுற ஒயர் எல்லாத்தையும் ஒரே மாதிரி பாக்காதீங்க. டிபிக்கு முன்னாடி ஒரு வகை, டிபிக்கு அப்புறம் இன்னொரு வகை. ரெண்டாவது வகையில கொஞ்சம் கைவேலை தெரிஞ்சவங்க செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கு. முதல் வகையில நீங்க செய்ய வேண்டியது பாக்குறதும், போட்டோ எடுக்குறதும், ஓனர்கிட்ட பேசுறதும், லைசென்ஸ் இருக்குற ஆளை கூட்டிட்டு வர்றதும்தான், கை வைக்கிறது இல்ல.

முதல்ல ஒயரோட கூடவே நடங்க

ஒரு நாள் பகல்ல, மொபைல் டார்ச் எடுத்துக்கிட்டு, மீட்டர்ல ஆரம்பிச்சு டிபி வரைக்கும் ஒயரை கண்ணால மட்டும் பின்தொடர்ந்து போங்க. தொடாதீங்க. பேப்பர்ல ஒரு கோடு போட்டு எங்க வளையுது, எங்க சுவத்துக்குள்ள நுழையுது, எங்க ஜன்னல் கம்பியை தொடுதுன்னு குறிச்சுக்கோங்க, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு போட்டோ. மீட்டர் பக்கத்துலயே உங்க வீட்டுக்குன்னு தனியா ஒரு மெயின் சுவிட்சோ எம்சிபியோ இருக்கான்னு பாருங்க. 30-க்கு 40 சைட்டுல நாலு மாடி கட்டி எட்டு வீடு வாடகைக்கு விட்ட கட்டடத்துல எல்லா மீட்டரும் கீழ ஒரே பலகையில வரிசையா இருக்கும், எந்த சுவிட்ச் எந்த வீட்டுதுன்னு எழுதியிருக்காது, அதை ஓனர்கிட்ட கேட்டு ஒரு மார்க்கர்ல வீட்டு நம்பரை எழுதி வையுங்க. ஆபத்து நேரத்துல அந்த எழுத்துதான் உதவும்.

பாக்கும்போது என்னல்லாம் கவனிக்கணும்னா, ஒயர் தோல் விரைச்சுப்போய் வெடிப்பு விட்டிருக்கா, நிறம் பழுப்பாவோ கருப்பாவோ மாறியிருக்கா, டேப்பு சுத்தின ஜாயிண்ட் இருக்கா, அந்த டேப்பு பசை இளகி தொங்குதா, எலி கடிச்ச பல்லு தடம் இருக்கா, கதவு கீல்ல நசுங்குதா, சமையல் அடுப்புக்கு மேல போகுதா, கீசர் சுடுதண்ணி பைப்போட ஒட்டிக்கிட்டு போகுதா, துணி காயப்போடுற கம்பியோட சேத்து கட்டியிருக்கா. கடைசியா சொன்னது ரொம்ப மோசம், ஈரத்துணி, இரும்புக்கம்பி, பழைய ஒயர் மூணும் ஒண்ணு சேந்தா என்ன ஆகும்னு விளக்கவே வேண்டாம், நீங்க கை வைக்காம, இன்னைக்கே ஆளை கூப்பிட்டு அந்த கொடியை அவுக்க சொல்லி வேற இடத்துல கட்டுங்க. எங்கயாவது பிளாஸ்டிக் கருகுற மாதிரியோ, காரணமே இல்லாம மீன் வாடை மாதிரியோ அடிச்சா அதை சும்மா விடாதீங்க, சுவிட்ச், ப்ளக்கு மாதிரி பிளாஸ்டிக் சாமான் அதிகமா சூடானா அப்படி ஒரு வாடை வரும்.

கண்டோன்மெண்ட் பக்கம் பழைய வீடுங்கள்ல இன்னொரு விஷயம் உண்டு. நம்ம ஆளுங்க கோலார் தங்கவயல்ல சுரங்கத்துக்குள்ள இறங்கி வேலை பாத்த காலத்துல, 1902-லயே சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்துல இருந்து அங்க கரண்ட் போயிடுச்சு, 1905-ல பெங்களூர் தெருவிளக்குக்கும் வந்துடுச்சு. அவ்ளோ சீக்கிரம் கரண்ட் பாத்த ஊருங்குறதால பழைய வீட்டு சுவத்துல ஒரே நேரத்துல மூணு தலைமுறை ஒயரை பாக்கலாம். மரப்பட்டை மேல கிளிப் அடிச்சு ஓடுற கருப்பு ரப்பர் தோல் ஒயர் ஒண்ணு, அதுல ஜாயிண்ட் போட்ட அலுமினியம் ஒயர் ஒண்ணு, அதுக்கு மேல போன வருஷம் இழுத்த செம்பு ஒயர் ஒண்ணு. ரப்பர் தோல் ஒயர் வயசானா பிஸ்கட் மாதிரி உதிரும், கை பட்டாலே உதிரும். அலுமினியத்தையும் செம்பையும் சும்மா முறுக்கி விட்டா ஜாயிண்ட்ல சூடு ஏறிக்கிட்டே போகும். இந்த ரெண்டுல எதை பாத்தாலும் மூடி பாதுகாக்குற பேச்சே வேண்டாம், மாத்துறது ஒண்ணுதான் வழி. கேசிங், அதாவது மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டி, போட்டு மூடினா கெட்டுப்போன ஒயர் நல்லதாயிடாது, கெட்டது கண்ணுக்கு தெரியாம போயிடும், அவ்ளோதான்.

யாரோட பொறுப்பு எது வரைக்கும்

போஸ்ட்ல இருந்து மீட்டர் வரைக்கும் பெஸ்காம், அதாவது பெங்களூருக்கு கரண்ட் குடுக்குற கம்பெனி, பொறுப்பு. அந்த பக்கம் ஒயர் தோல் போயிருந்தாலோ, தொங்கினாலோ, மீட்டர் கிட்ட பொறி பறந்தாலோ 1912-க்கு போன் பண்ணி சொல்லணும், மீட்டர் சீலை நீங்களும் தொடக்கூடாது, எலக்ட்ரீசியனையும் தொட விடக்கூடாது. மீட்டருக்கு அப்புறம் எல்லாம் வீட்டு ஓனரோடது. வாடகைக்கு இருக்குறவங்க தயங்குறதே இங்கதான், கேட்டா வீட்டை காலி பண்ண சொல்லிடுவாங்களோன்னு. நான் பாத்த வரைக்கும் சண்டையா பேசாம போட்டோவை வாட்ஸாப்ல அனுப்பி, மேடம் இது உங்க கட்டடத்துக்கே ஆபத்து, பாதி செலவு நான் போடுறேன்னாலும் பரவால்ல, சீக்கிரம் பண்ணிடலாம்னு சொன்னா நிறைய பேர் ஒத்துக்குறாங்க. கன்னடத்துல பேசணும்னா, "மீட்டர்னிந்த பரோ வயர் ஓபன் ஆகிதெ, ஹொஸா கேபிள் ஹாகிஸ்பேக்கு"ன்னு சொல்லிப் பாருங்க, மீட்டர்ல இருந்து வர்ற ஒயர் திறந்து கிடக்கு, புது கேபிள் போடணும்னு அர்த்தம். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி"ன்னு பதில் வரும், வாடகை ரெண்டு நாள் தள்ளி வாங்குறதுன்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், இதுல முடியாது, வாரத்துக்கு ஒரு தடவை பணிவா ஞாபகப்படுத்திக்கிட்டே இருங்க.

எலக்ட்ரீசியன் வந்தா கர்நாடக அரசு எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டரேட் குடுத்த லைசென்ஸோ பெர்மிட்டோ இருக்கான்னு கேக்குறதுல தப்பே இல்ல. அவர்கிட்ட இந்த துண்டுக்கு என்ன கேக்கணும்னு சொல்றேன். மீட்டருக்கு பக்கத்துலயே மூடி போட்ட பாக்ஸ்ல ஒரு டபுள் போல் எம்சிபி போட சொல்லுங்க. டபுள் போல்னா பேஸும் (கரண்ட் வர்ற ஒயர்) நியூட்ரலும் (திரும்பிப் போற ஒயர்) ரெண்டும் சேந்து கட் ஆகும். அது வந்துட்டா மேல வர்ற முழு ஒயரும் ஒரு காவலுக்குள்ள வந்துடும், ஒயர் நசுங்கி ஷார்ட் ஆனா அங்கேயே விழுந்துடும், வேலை செய்யணும்னா அங்கேயே ஆஃப் பண்ணிக்கலாம். முடிஞ்சா அதோட ஒரு ஆர்சிசிபியும் அங்கேயே. எங்க பீரோ கதையில ஷார்ட் ஆகல, கசிவுதான் நடந்துச்சு, கசிவை எம்சிபி கண்டுபிடிக்காது. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் ஒண்ணா இருக்கான்னு பாத்து, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே கட் பண்றது ஆர்சிசிபி. ஆனா அது லோடு ஜாஸ்தி ஆனா விழாது, அதனால ரெண்டும் வேணும், ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ணை விட்டுடாதீங்க.

அந்த ஒயர் கீழ பார்க்கிங் வழியா, வண்டி இடிக்கிற இடத்துல, பசங்க பந்து அடிக்கிற இடத்துல போகுதுன்னா ஆர்மர்டு கேபிள் கேளுங்க. தோலுக்கு உள்ள இரும்பு பட்டையோ கம்பியோ சுத்தியிருக்கும், அந்த இரும்பை கிளாண்ட் (கேபிள் முனையை இறுக்கிப் பிடிக்கிற மாட்டி) போட்டு எர்த்தோட சேக்கணும், சேக்காம விட்டா உள்ள அடிபட்டு கரண்ட் இறங்கும்போது அந்த இரும்பு முழுக்க கரண்டா நிக்கும். ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்பு பைப்) போட்டாலும் இதே விதிதான், எர்த் கட்டாயம். ஜிஐ பைப்புல இன்னொண்ணும் உண்டு, பேஸும் நியூட்ரலும் ஒரே பைப்புக்குள்ளதான் போகணும், ஒண்ணை ஒரு பைப்புலயும் இன்னொண்ணை வேற பைப்புலயும் விட்டா லோடு ஏறும்போது இரும்பு சூடாகும். நிறைய பேருக்கு இது தெரியாது, பழைய பைப்புல இடம் இல்லன்னு புது ஒயரை பக்கத்து பைப்புல விட்டுடுவாங்க.

ஒயர் கனம் எவ்ளோ வேணும்

ஒயர் மேலயே எழுதியிருக்கும், 1.5 ஸ்கொயர் எம்எம், 2.5 ஸ்கொயர் எம்எம்னு, கூடவே ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694-ன்னும் இருக்கும். லைட்டு ஃபேனுக்கு 1.5, 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5, ஏசி மாதிரி பெரிய லோடுக்கு 4, மீட்டர்ல இருந்து டிபிக்கு வர்ற மெயினுக்கு வீட்டு லோடைப் பொறுத்து 6 இல்ல 10, பொதுவா இப்படித்தான் போடுறாங்க. உங்க லோடை நீங்களே கணக்கு போட்டுக்கலாம், நமக்கு வர்றது 230 வோல்ட், 1000 வாட்டுக்கு 4.3 ஆம்பியர்னு வச்சுக்கோங்க. 2000 வாட் கீசர் 8.7, 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு இன்னொரு 8.7, அயர்ன் பாக்ஸ் 4.3, காலையில ஏழு மணிக்கு இது மூணும் ஒண்ணா ஓடினா 21 ஆம்பியர் தாண்டிடுச்சு, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் இன்னும் கணக்குல வரல. ஒரு குடும்பம் லைட்டும் ரேடியோவும் வச்சு இருந்த காலத்துல போட்ட மெல்லிசு மெயின் ஒயர் இதை தாங்காது. இதை ஏன் இங்க சொல்றேன்னா, திறந்த காத்துல போற ஒயர் சூடு வெளிய போயிடும், அதையே கேசிங்குள்ள மூடினா சூடு உள்ளயே தங்கும். சாதாரண பிவிசி தோல் 70 டிகிரி வரைக்கும்தான். ஏற்கனவே கை வச்சா சுடுற ஒயரை மூடாதீங்க, முதல்ல கனமானதா மாத்திட்டு அப்புறம் மூடுங்க.

புதுசா வாங்கும்போது எஃப்ஆர்னு போட்டிருக்குறது நெருப்பு பரவாம தடுக்கும், எஃப்ஆர்எல்எஸ்னா அதோட புகையும் கம்மி. வீட்டுக்குள்ள ஒரே வாசல் இருக்குற சின்ன வீடுன்னா நான் எஃப்ஆர்எல்எஸ் தான் சொல்லுவேன், நெருப்பை விட புகை சீக்கிரம் ஆளை சாச்சுடும். கலர்ல ஏமாறாதீங்க, பேஸுக்கு சிவப்பு இல்ல மஞ்சள் இல்ல நீலம், நியூட்ரலுக்கு கருப்பு, எர்த்துக்கு பச்சை. மிச்சம் இருந்த பச்சை ஒயரை பேஸுக்கு போட்டுட்டு போற ஆளுங்க இருக்காங்க, அடுத்து வர்றவர் எர்த்துன்னு நம்பி தொடுவார். பிவிகே ஐயங்கார் ரோட்டுலயும் எஸ்பி ரோட்டுலயும் எல்லா பிராண்டும் கிடைக்கும், பில்லோட வாங்குங்க.

இனி நீங்க செய்யக்கூடிய வேலை

டிபிக்கு அப்புறம் போற ஒயர், அதாவது ஹால்ல இருந்து கிச்சனுக்கு வெளிய இழுத்த ஒயர், பெட்ரூம் ஏசிக்கு தனியா இழுத்தது, பால்கனி வாஷிங் மெஷினுக்கு இழுத்தது, இதெல்லாம் தோல் நல்லா இருந்தா கேசிங் பட்டியோ பிவிசி பைப்போ போட்டு நீங்களே மூடலாம். சந்தேகம் வந்தா விட்டுடுங்க, அதுக்குன்னு ஆள் இருக்காங்க.

ஆஃப் பண்றதுல இருந்து ஆரம்பிக்கணும். டிபி மெயின் ஆஃப். வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா அதையும் ஆஃப் பண்ணி, அதுல இருந்து வீட்டு லைனுக்கு போற அவுட்புட் ஒயரையும் பிரிச்சு வையுங்க, இதை மறந்துட்டு அடி வாங்கினவங்க எனக்கே ரெண்டு பேர் தெரியும், மெயின் ஆஃப் பண்ணாலும் பேட்டரி உங்க லைட்டு லைனுக்கு 230 வோல்ட் குடுத்துக்கிட்டேதான் இருக்கும். டிபி கதவுல "வேலை நடக்குது, போடாதீங்க"ன்னு ஒரு பேப்பர் ஒட்டுங்க, வீட்டுல இருக்குற எல்லார்கிட்டயும் வாயாலயும் சொல்லுங்க. அப்புறம் சோதனை. டெஸ்டரை முதல்ல கரண்ட் இருக்குற இடத்துல, பக்கத்து வீட்டு சாக்கெட்டா இருந்தாலும் சரி, வச்சு எரியுதான்னு பாத்துட்டு, அப்புறம் நம்ம சாக்கெட்ல வைக்கணும், திரும்பவும் போய் கரண்ட் இருக்குற இடத்துல வச்சு டெஸ்டர் செத்துப்போகலன்னு உறுதி பண்ணணும். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல ரப்பர் செருப்போட நின்னு டெஸ்டர் வச்சா கரண்ட் இருந்தாலும் எரியாம போகலாம், அதனால மல்டிமீட்டர் இருந்தா அதுதான் மேல்.

எங்கெங்க பட்டி, எங்கெங்க பைப்புன்னு கேட்டா, தரையில இருந்து அஞ்சடி உயரம் வரைக்கும் கெட்டியான பிவிசி பைப் போடுங்க, 20 எம்எம் இல்ல 25 எம்எம், கடையில முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச்னு கேட்டாலே குடுப்பாங்க, ஹெவின்னு சொல்லி கேளுங்க. அந்த உயரத்துலதான் நாற்காலி இடிக்கும், சூட்கேஸ் இடிக்கும், குழந்தை இழுக்கும். அதுக்கு மேல கூரை ஓரமா போறதுக்கு கேசிங் பட்டி போதும், பாக்கவும் நல்லா இருக்கும். உள்ள ஒயரை அடைச்சு திணிக்காதீங்க, பாதிக்கு மேல காலியா இருக்கணும், நான் அஞ்சுல ரெண்டு பங்குதான் நிரப்புவேன். டிவி கேபிள், இன்டர்நெட் ஒயர் எல்லாத்தையும் அதே பட்டிக்குள்ள சேத்து விடாதீங்க, நாளைக்கு இன்டர்நெட் சரி பண்ண வர்ற பையன் கரண்ட் ஒயர் இருக்குற பட்டியை திறப்பான்.

சுவத்துல ட்ரில் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் உள்ள கன்சீல்டு ஒயர் ஓடும், அந்த நேர்கோட்டுல ஓட்டை போடாதீங்க. பாத்ரூம் சுவத்துக்கு பின்பக்கம்னா தண்ணி பைப்பும் இருக்கும். ரெண்டடிக்கு உள்ள ஒரு ஸ்க்ரூ, ராவல் ப்ளக் வச்சு. பட்டி பின்னாடி ஒட்டுற டேப்போட வர்றது சுலபமாத்தான் இருக்கு, ஆனா சுண்ணாம்பு அடிச்ச சுவத்துலயும், ஜூலை ஆகஸ்ட் மழை ஈரத்துலயும் நாலு மாசத்துல பேந்து தொங்கும், தொங்கினா பட்டியோட கனமும் ஒயர்லதான் இழுக்கும். ஓனர் ஆணி அடிக்கக்கூடாதுன்னு சொல்ற வீடுன்னா முன்கூட்டியே கேட்டுக்கோங்க, காலி பண்ணும்போது புட்டி அடிச்சு குடுக்குறேன்னு சொல்லுங்க.

அடிப்பட்டியை முதல்ல முழுசா அடிச்சு முடிச்சிட்டு, ஸ்க்ரூ தலை எதுவும் துருத்திக்கிட்டு இல்லன்னு விரலால தடவிப் பாத்துட்டு, ஒயரை உள்ள படுக்க வச்சு, கடைசியா மூடியை தட்டி மூடணும். மூலையில 45 டிகிரி வெட்டி சேருங்க, வெட்டின விளிம்பை சாண்ட்பேப்பர்ல தேய்ங்க, பிவிசி விளிம்பே கத்தி மாதிரி இருக்கும். ஒயரை ஒடிச்சு மடக்காம வட்டமா வளைக்கணும். பட்டிக்குள்ளயோ பைப்புக்குள்ளயோ ஜாயிண்ட் கூடவே கூடாது. ஒயர் நீளம் பத்தலன்னா நீளமான ஒயர் வாங்குங்க, இல்லன்னா வெளிய தெரியுற ஜங்ஷன் பாக்ஸ்ல கனெக்டர் வச்சு சேத்து மூடி போடணும். டேப்பு சுத்தின ஜாயிண்ட்டை பட்டிக்குள்ள ஒளிச்சு வச்சுட்டா அது சூடாகி கருகி வாடை வர்ற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

சுவத்து வழியா, ஜன்னல் வழியா போற இடம் தனியா கவனிக்க வேண்டியது. சுவத்து ஓட்டைக்குள்ள ஒரு சின்ன பைப் துண்டை விட்டு அதுக்குள்ள ஒயர் போகணும், அந்த துண்டு வெளிப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சு இருந்தா மழைத்தண்ணி உள்ள வராது. வெளிய இருந்து வர்ற ஒயர் ஓட்டைக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி கீழ ஒரு தொங்கல் விட்டு மேல ஏறி நுழையணும், தண்ணி அந்த தொங்கல்ல சொட்டி விழுந்துடும், இல்லன்னா ஒயரைப் பிடிச்சுக்கிட்டே டிபிக்குள்ள போயிடும். ஜன்னல் கிரில்லோட ஒயரை கட்டாதீங்க, ஜன்னல் கதவு மூடும்போது நசுங்குற மாதிரியும் விடாதீங்க. கதவுக்கு அடியில, மிதியடிக்கு அடியில, கார்ப்பெட்டுக்கு அடியில போகவே கூடாது, மிதிக்க மிதிக்க உள்ள இழை ஒண்ணொண்ணா அறுந்து மிச்ச இழைல சூடு ஏறும்.

எலி. பெங்களூர்ல தரைத்தளத்துலயும் சாக்கடை ஓரத்துலயும் இருக்குறவங்களுக்கு இது பெரிய விஷயம், பெருச்சாளியே உள்ள வரும். எலிக்கு முன் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும், தேய்க்கிறதுக்காகவே எதையாவது கடிச்சாகணும், பசி இல்லன்னாலும் கடிக்கும். கேசிங் பட்டியை அது சுலபமா கடிச்சு திறந்துடும். எலி நடமாட்டம் இருக்குற இடத்துல ஹெவி பிவிசி பைப் இல்ல எர்த் பண்ண ஜிஐ பைப், பைப்பு முனை திறந்து கிடக்காம நேரா பாக்ஸுக்குள்ள போய் முடியணும், சுவத்து ஓட்டையில பைப்பை சுத்தி சிமெண்ட் வச்சு அடைக்கணும். எலி விஷத்தை ஃபால்ஸ் சீலிங் மேல வைக்காதீங்க, அங்கேயே செத்து ஒயர் மேலயே அழுகும்.

கிச்சன்ல அடுப்புக்கு மேல நேரா எந்த ஒயரும் வேண்டாம், பட்டிக்குள்ள இருந்தாலும் எண்ணெய் ஆவி ஏறி ஏறி பிசுபிசுன்னு ஆகி தோல் கெடும். சிலிண்டர் வச்சிருக்குற மேடைக்கு அடியில சாக்கெட், ஜாயிண்ட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் வைக்காதீங்க, கேஸ் கசிஞ்சா காத்தை விட கனமானதால கீழயேதான் தேங்கும், ஒரு பொறி போதும்.

முடிச்சதுக்கு அப்புறம்

இன்வெர்ட்டர் ஒயரை சேருங்க, மெயினை போடுங்க, எம்சிபி ஒவ்வொண்ணா போடுங்க. மூடின லைன்ல இருக்குற பெரிய சாமானை, கீசரோ இண்டக்‌ஷனோ, அரைமணி நேரம் ஓட விட்டு பட்டி மேல புறங்கையை வச்சு பாருங்க, லேசான வெதுவெதுப்பு பரவால்ல, ஒரு இடத்துல மட்டும் சூடா இருந்தா அங்க ஏதோ தப்பு, ஆஃப் பண்ணிட்டு ஆளை கூப்பிடுங்க. ஆர்சிசிபில "T"ன்னு எழுதின ஒரு சின்ன பட்டன் இருக்கும், டெஸ்ட் பட்டன், மாசம் ஒரு தடவை அமுக்கினா டக்குன்னு விழணும், விழலன்னா அது சும்மா பெட்டி, மாத்தணும். எந்த எம்சிபி எந்த அறைக்குன்னு டிபி கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டுங்க, தமிழ்லயே எழுதுங்க, வீட்டுல பெரியவங்க படிக்கிற மாதிரி பெருசா.

யாருக்காவது ஷாக் அடிச்சு ஒட்டிக்கிட்டா ஓடிப்போய் கையை பிடிச்சு இழுக்காதீங்க, மெயினை ஆஃப் பண்ணுங்க. அந்த ஒயர் டிபிக்கு முன்னாடி உள்ள துண்டா இருந்தா டிபி மெயின் உதவாது, கீழ மீட்டர் கிட்ட இருக்குற சுவிட்ச்தான், அதுக்குத்தான் முன்னாடியே நம்பர் எழுத சொன்னேன். ஆஃப் பண்ண முடியலன்னா காஞ்ச மரக்கட்டையால, பிளாஸ்டிக் நாற்காலியால தள்ளி விலக்குங்க. 108-க்கு போன். சின்ன ஷாக்தானேன்னு விடாம டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, அத்தையை நாங்க அன்னைக்கு சாயங்காலமே கூட்டிட்டுப் போய் ஈசிஜி எடுத்தோம். ஒயர்ல நெருப்பு பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க, ஆஃப் பண்ணிட்டு எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்து 112-க்கு சொல்லுங்க.

எங்க வீட்டுல ஓனரம்மா பத்து நாள்ல புது கேபிள் போட்டு குடுத்தாங்க, மீட்டர் கிட்ட பாக்ஸ், அதுல டபுள் போல் எம்சிபியும் ஆர்சிசிபியும், அங்கேருந்து ஹெவி பைப்புல வாசக்கால் வரைக்கும், உள்ள தரையை விட்டு தூக்கி கதவுக்கு மேல உயரத்துல டிபிக்கு. எனக்கு வந்த செலவு பாதி, அதை ரெண்டு மாச வாடகையில கழிச்சுக்கிட்டாங்க. பீரோ இப்ப சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளி நிக்குது. ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு வீடு தொடைக்கும்போது முதல் நாள் எடுத்த போட்டோவையும் அந்த பேப்பர் கோட்டையும் கையில வச்சுக்கிட்டு மீட்டர்ல இருந்து டிபி வரைக்கும் ஒரு தடவை நடப்பேன், பட்டி மேல காஞ்ச துணிதான் போடுவேன். அத்தை டார்ச் பிடிச்சுக்கிட்டு கூடவே வருவாங்க.